பட்டாணி, புளியங்கொட்டை, பல்லாங்குழி வச்சு இயற்கைத் தேர்வு காட்டுறது எப்படி

மே மாசம் லீவு விட்டா எங்க வீட்டுக்கு புள்ளைக பட்டாளமே வந்து எறங்கிரும், காரைக்குடி பக்கம் பழைய வளவு வீடு, வருசம் பூரா பூட்டிக் கெடக்கும், லீவுக்கும் விசேசத்துக்கும் மட்டும் தொறப்போம். முத ரெண்டு நாள் ஓடிப்புடிச்சு விளையாடுவாங்க, மூணாவது நாள் ஆளுக்கொரு தூண்ல சாஞ்சு செல்ஃபோன நோண்ட ஆரம்பிச்சிருவாங்க. போன வருசம் அப்படித்தான் சாஞ்சுக்கிட்டே என் தங்கச்சி மகன், பத்தாவது போறவன், "மாமா, ஒட்டகச்சிவிங்கி எலைய எட்டிப் புடிக்க கழுத்த நீட்டி நீட்டித்தானே நீளமாச்சு, அதான இயற்கைத் தேர்வு?"ன்னு கேட்டான். அது 1809ல லமார்க்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி சொன்னது, டார்வின் 1859ல சொன்னது வேறடான்னு சொன்னா மண்டைக்குள்ள போகல. அப்பறம் அடுப்படில இருந்த பட்டாணிய எடுத்துட்டு வந்து தரையில கொட்டினேன், அரை மணி நேரத்துல போயிருச்சு. அத எப்படி பண்ணுனோம்னு எழுதறேன், யாரு வேணா வீட்ல செஞ்சு பாக்கலாம், வளவு வீடுதான் வேணும்னு இல்ல, தரை இருந்தா போதும்.

வேண்டியது என்னன்னா பச்சைப் பட்டாணி, வெள்ளைப் பட்டாணி, கருப்புக் கொண்டக்கடலை, சிவப்பு தட்டப்பயறு, ஒவ்வொண்ணும் கால் கிலோ போதும், எல்லாம் காஞ்சதா இருக்கணும். தட்டப்பயறு கொஞ்சம் சின்னது, பரவால்ல, ஆனா ராஜ்மாவ கலந்துறாதீங்க, சைஸ் பெருசாருந்தா நெறத்த விட்டுட்டு சைஸப் பாத்து எடுத்துருவாங்க, நீங்க நெறத்துக்குன்னு வச்ச ஆட்டம் சைஸ் ஆட்டமா மாறிப்போயிரும். ஒரு பேப்பர், பேனா, கணக்கு எழுத ஒழுங்கான ஒரு புள்ள (எங்க செட்டுல அது கெடைக்கறதுதான் கஷ்டம்). ரெண்டாவது ஆட்டத்துக்கு பல்லாங்குழியும் புளியங்கொட்டையும், ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலும். பரண்ல தேடுனா குன்றிமணி கெடைக்கும், பாக்க அழகாத்தான் இருக்கும், அத எடுக்காதீங்க, அது விஷம், சின்னப் புள்ளைக வாயில போட்டுக்கும். மூணு வயசுக்குக் கீழ உள்ளத பயறு பக்கமே விடாதீங்க, மூக்குல சொருகிக்கிட்டு வந்து நிக்கும்.

முதல் ஆட்டத்துக்கு தரையப் பாத்து எடுங்க, பாதி விசயம் அதுலதான் இருக்கு. எங்க வீட்ல ரெண்டாங்கட்டுல சிவப்புக் காவி போட்ட தரை, முகப்புல ஆத்தங்குடி கல்லு. முதல்ல காவித் தரையில ஆரம்பிங்க. நாலு வகையிலயும் 25, 25 எண்ணி மொத்தம் 100, நல்லா கலந்து கட்டிலளவு எடத்துல விசிறி விடுங்க. அஞ்சு புள்ளைக இருந்தா நல்லது, அவங்கதான் பயறக் கொத்தித் திங்கற மைனா. எல்லாரும் முதுகைக் காட்டி நிக்கணும், கை தட்டுனா திரும்பி கண்ணுல முதல்ல படுற ஒண்ணே ஒண்ணப் பொறுக்கிட்டு உடனே திரும்பிக்கணும். தேடக்கூடாது, குனிஞ்சு ஆராயக்கூடாது, இத கறாரா சொல்லிருங்க, இல்லன்னா ஆளுக்கொரு நெறம் புடிச்சிருக்குன்னு அதையே தேடி எடுப்பாங்க. ஆளுக்கு 15 ஆனதும் நிறுத்திருங்க, 75 போச்சு, 25 மிச்சம்.

அந்த 25 எந்தெந்த வகைன்னு எண்ணி, பொழச்ச ஒவ்வொண்ணுக்கும் அதே வகையில மூணு புள்ளை சேருங்க, திரும்ப 100 ஆயிரும். அது அடுத்த தலைமுறை. மறுபடி விசிறு, மறுபடி பொறுக்கு.

எங்களுக்கு முதல் சுத்துல பொழச்சது தட்டப்பயறு 11, கொண்டக்கடலை 8, பச்சை 4, வெள்ளை 2. அதாவது அடுத்த தலைமுறையில 44, 32, 16, 8. ரெண்டாவது சுத்துல வெள்ளை ஒண்ணுகூட மிஞ்சல, தட்டப்பயறு 15, கொண்டக்கடலை 8, பச்சை 2, பெருக்குனா 60, 32, 8. உங்களுக்கு வேற நம்பர் வரும், ஆனா போற தெசை அதேதான். இந்த எடத்துல நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்க, எந்தப் பயறாவது நெறம் மாறுச்சா? ஒண்ணும் மாறல. ஒவ்வொரு பயறும் பொறந்த நெறத்துலயேதான் இருந்துச்சு, பொழச்சுது இல்ல போச்சு. மாறுனது கூட்டத்தோட கணக்கு மட்டும்தான். தனி ஒரு உசுரு தன்ன மாத்திக்கறதில்ல, கூட்டத்துக்குள்ள எது எத்தன இருக்குங்கறதுதான் தலைமுறைக்குத் தலைமுறை மாறுது, இதப் புடிச்சுக்கிட்டா கழுத்து நீட்டுற கதையெல்லாம் தானா விழுந்துரும்.

நெசத்துல நடந்தத அப்பவே சொல்லிருங்க, சூடா இருக்கும்போது. இங்கிலாந்துல மான்செஸ்டர்ல 1848ல கருப்பா ஒரு அந்துப்பூச்சி மொதமொதல்ல கண்ணுல பட்டுச்சு, அதுக்கு முன்னாடி அந்த வகையில தெரிஞ்சதெல்லாம் சாம்பப் புள்ளி போட்ட வெளுத்த பூச்சிதான். ஃபாக்டரிப் புகையில மரப்பட்டையெல்லாம் கரியாகிப் போச்சு, குருவிக கண்ணுக்கு வெளுத்தது பளிச்சுன்னு தெரிஞ்சுது, 1895ல அந்த ஊர்ப் பக்கம் நூத்துக்கு 98 கருப்பு. அப்பறம் 1956ல புகைக்கு சட்டம் போட்டு காத்து சுத்தமாக ஆக, திரும்ப வெளுத்ததே பெருகிருச்சு. இந்தக் கருப்புக்கு எவ்வளவு லாபம் இருந்திருந்தா இவ்வளவு வேகமா பெருகும்னு 1924லயே கணக்குப் போட்டவரு ஹால்டேன்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி, அவரு பின்னால 1957ல இந்தியாவுக்கே வந்து, குடியுரிமையும் வாங்கி, 1964ல புவனேஸ்வர்லதான் செத்தாரு. இது எத்தன பேருக்குத் தெரியும்னு எனக்கு ஒரு ஆதங்கம், சரி விடுங்க.

இப்பத்தான் ஆட்டத்தோட முக்கியமான கட்டம். அதே 100ஐ, 60, 32, 8ஆ இருக்கறத, அப்படியே அள்ளி ஒரு வெள்ளை வேட்டிய விரிச்சு அதுமேல கொட்டுங்க. ஊரு மாறிப்போச்சு, மழை பொய்ச்சிருச்சு, என்ன வேணா வச்சுக்கங்க. இப்ப எது பொழைக்கும்? வெள்ளைப் பட்டாணி இருந்தா ராஜாவா இருந்திருக்கும். ஆனா அதுதான் போன சுத்துலயே காலி. மைனாக்கூட்டம் அஞ்சு நிமிசத்துல வேட்டியத் தொடச்சு எடுத்துருச்சு. என் தங்கச்சி மகன் "அப்ப பச்சை கொஞ்சம் கொஞ்சமா வெளுத்து வந்திராதா மாமா, தேவைப்படுதுல்ல?"ன்னான். தேவைப்பட்டா வராதுடா, அதான்டா விசயம். இருக்கறதுலேருந்துதான் பொறுக்க முடியும், கையில இல்லாதத இயற்கையாலயும் பொறுக்க முடியாது. மரபணு வகைவகையா இருக்கணும்னு இவ்வளவு பேரு கெடந்து கத்தறது அழகுக்காக இல்ல, நாளைக்கு யாரு வேட்டி விரிப்பாங்கன்னு இன்னிக்குத் தெரியாது, அதுக்காகத்தான்.

இதுக்கு நெல்லு கதைய விட நல்ல உதாரணம் கெடையாது. 1970கள்ல புகையான் பூச்சி பரப்புற ஒரு குட்டை நோய் ஆசியா பூரா நெல்ல அடிச்சுது. பிலிப்பைன்ஸ்ல இருக்கற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல ஆறாயிரத்துக்கு மேல ரகங்கள சோதிச்சுப் பாத்தாங்க, உத்தரப் பிரதேசத்துலேருந்து எடுத்துட்டுப் போன ஒரே ஒரு காட்டு நெல்லுல, ஒரைசா நிவாராங்கற வகையில, அத எதுத்து நிக்கற ஜீன் இருந்துச்சு. அத வச்சுத்தான் 1976ல ஐஆர் 36 வந்துச்சு. அந்தக் காட்டு நெல்ல களைன்னு எல்லாரும் புடுங்கிப் போட்டிருந்தா? எங்க பக்கம் கல்யாணத்துல கவுனி அரிசி இனிப்பு போடாம இருக்க மாட்டாக, அதுனால அந்தக் கருப்பு நெல்லு இன்னும் பொழச்சுக் கெடக்கு, இனிப்பு திங்கறதுலயும் ஒரு புண்ணியம்.

தரைய மாத்தி இன்னொரு தடவ பண்ணுங்க, இந்தத் தடவ ஆத்தங்குடி கல்லுல. ஒரே கல்லுக்குள்ள பச்சை, சிவப்பு, மஞ்சள், கருப்பு, வெள்ளைன்னு பூ போட்டிருக்கும், எந்த நெறமும் எங்கயாவது ஒரு எடத்துல ஒளிஞ்சுக்கும். நாலு சுத்து ஓட்டியும் எங்களுக்கு நாலு வகையும் மிச்சம் இருந்துச்சு. எடம் ஒரே மாதிரி இருந்தா ஒரு வகை மத்தத முழுங்கிரும், எடம் திட்டுத்திட்டா இருந்தா வகையும் பல இருக்கும். நான் சொல்லல, புள்ளைகளே சொன்னாங்க. மொசைக் தரை, டைல்ஸ் தரை உள்ளவங்க பூப்போட்ட ஜமுக்காளம் விரிச்சுக்கலாம்.

இந்த ஆட்டத்த ஓட்டும்போது எல்லாரும் ஒரு தப்பு பண்ணுவாங்க, ஜெயிச்ச நெறத்த "ஒசத்தி"ன்னு பேச ஆரம்பிச்சிருவாங்க. தட்டப்பயறுக்கு வேட்டி மேல என்ன ஆச்சுன்னு ஞாபகப்படுத்துங்க. வலுவானது பொழைக்கும்ங்கறது பாதி பொய், அந்த எடத்துக்கு, அந்தக் காலத்துக்கு ஒத்து வந்தது பொழைக்கும். பசிபிக் கடல்ல கலாபகோஸ் தீவுக்கூட்டத்துல டாப்னி மேஜர்னு ஒரு சின்னத் தீவு, பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட்னு ஒரு தம்பதி 1973லேருந்து வருசா வருசம் போயி அங்க உள்ள குருவிகள ஒவ்வொண்ணா புடிச்சு அலகை அளந்தாக. 1977ல மழையே இல்ல, சின்ன விதையெல்லாம் தீந்து போயி கெட்டியான முள்ளு விதைதான் மிச்சம், அது நம்ம கண்மாய்க்கரையில கால்ல குத்துற நெருஞ்சிக்கு சொந்தக்காரச் செடி. அத ஒடைக்க தடிச்ச அலகு வேணும். அந்தக் குருவி வகையில நூத்துக்கு 85 அளவுக்கு செத்துப்போச்சு, மிஞ்சுனது சராசரியா தடிச்ச அலகு உள்ளது, அதுக குஞ்சுகளுக்கும் அதே அலகு. சரி தடிச்சதுதான் ஒசத்தின்னு நெனச்சா, 1983ல மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டி சின்ன விதையா வெளஞ்சு, அதுக்கப்பறம் சின்ன அலகு குருவிக்கு யோகம் வந்துருச்சு. கண்மாய் நெறையற வருசமும் காயற வருசமும் மாறி மாறிப் பாத்த எங்க ஊர்க்காரவுகளுக்கு இத வெளக்கவே வேண்டாம்.

அடுத்தது பல்லாங்குழி. இதுல மைனா கெடையாது, யாரும் யாரையும் பொறுக்கறதில்ல, வெறும் குருட்டு அதிர்ஷ்டம். நான் முதல்ல தாயம் விளையாடத் தேய்க்கற மாதிரி புளியங்கொட்டைய ஒரு பக்கம் தேச்சு வெள்ளையாக்கி வச்சேன், கண்ண மூடுனாலும் தேச்ச பக்கம் தட்டையா இருக்கறத தடவியே கண்டுபுடிச்சிருச்சுக, அதிர்ஷ்டம் பாக்க வச்ச ஆட்டத்துக்குள்ள தேர்வு பூந்துருச்சு. அதனால தேய்க்காதீங்க, நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு வைங்க, நல்லா காய விடுங்க. ஒரு குழியில பொட்டு 5, வெறும் கொட்டை 5. கண்ண மூடி ஒண்ணு எடு, என்னன்னு பாரு, அதே வகையில ஒண்ண வெளியில ஒரு கிண்ணத்துல போடு, எடுத்தத குழிக்குள்ளயே திருப்பிப் போடு. பத்து தடவ இப்படி. கிண்ணத்துல உள்ள பத்துதான் அடுத்த தலைமுறை, அத குழிக்கு மாத்து. 14 குழியையும் ஓட்டுனா விடிஞ்சிரும், ஆளுக்கு ஒரு குழி எடுத்துக்கங்க.

பத்து பதினஞ்சு தலைமுறை போறதுக்குள்ள சில குழி பூராவும் பொட்டு, சில குழியில பொட்டே இல்ல. பொட்டுல நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல, ஆனாலும் ஒரு வகை அடியோட போயிருச்சு. கூட்டம் சின்னதா இருந்தா இதுதான் நடக்கும், பத்து பேரு கூட்டத்துல தலைமுறைக்கு சராசரியா பத்துல ஒரு பங்கு வகை கழண்டு போகும். 100 போட்டு அண்டாவுல ஓட்டுனா நூத்துல ஒரு பங்குதான். அண்டாவ யாரும் முழுசா ஓட்டி முடிக்க மாட்டாங்க, ரெண்டு தலைமுறை காட்டி "பாரு, அசையவே இல்ல"ன்னு சொல்லிட்டு விட்டுருங்க. ஆப்பிரிக்க சீட்டா இருக்குல்ல, சிறுத்தைப்புலி இல்ல, அது வேற, அது பத்தாயிரம் வருசத்துக்கு முன்னாடி வாக்குல ரொம்பக் கொறஞ்சு போயி அதுலேருந்து பெருகுன கூட்டம், ஒண்ணோட தோல இன்னொண்ணுக்கு ஒட்டுனா ஒடம்பு வேத்தாளுன்னு தள்ளாம ஏத்துக்கற அளவுக்கு எல்லாம் ஒண்ணுபோல இருந்துச்சுன்னு சோதிச்சே பாத்திருக்காங்க.

இதுக்கு மருந்தும் பல்லாங்குழியிலயே இருக்கு. ஒவ்வொரு தலைமுறைக்கும் பக்கத்துக் குழியிலேருந்து ஒரே ஒரு கொட்டைய இங்கயும், இங்கேருந்து ஒண்ண அங்கயும் மாத்தி விடுங்க. அந்த ஒண்ணு போதும், எந்தக் குழியும் ரொம்ப நாளைக்கு ஒரே வகையா நிக்காது. காட்டு மிருகத்தக் காப்பாத்தறவங்களும் தலைமுறைக்கு ஒரு வரத்தாவது வேணும்னுதான் கணக்கு வச்சிருக்காங்க.

இத விளையாடிக்கிட்டு இருக்கும்போது எங்க அப்பத்தா கட்டில்லேருந்தே "பொண்ணெடுக்கற மாதிரியில்ல இருக்கு"ன்னாக. சரிதான். நகரத்தார்ல ஒம்பது கோயில், இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில்னு, பொதுவா ஒரே கோயில்காரவுக பங்காளிக, அதுக்குள்ள கட்டிக்க மாட்டாக, பொண்ணு வேற கோயில்லேருந்துதான் வரணும். குழி விட்டுக் குழி கொட்டை மாத்தற மாதிரியேதான். ஆனா ஒம்பது குழியும் ஒரே பலகைக்குள்ளதான இருக்கு, வெளியிலேருந்து வரத்தே இல்ல, அதுக்கு மேல அத்தை மகன் மாமன் மகன்னு வேற, ஒரு கதவத் தொறந்து இன்னொண்ணச் சாத்துன கதை. இது ஒரு சாதிக்கு மட்டும் சொல்லல. ஹைதராபாத்ல உள்ள சிசிஎம்பிங்கற உயிரியல் ஆராய்ச்சி நிலையத்து ஆளுகளும் ஹார்வர்ட் ஆளுகளும் சேந்து 2013ல டிஎன்ஏ பாத்து சொன்னது, சுமார் 1,900 வருசம் முன்னாடி வரைக்கும் இந்த நாட்டு ஜனங்க நல்லா கலந்து கெடந்திருக்காங்க, அப்பறம்தான் அவங்கவங்க பலகைக்குள்ள அடைஞ்சுக்கிட்டாங்க. அப்பத்தாகிட்ட இத முழுசா சொல்லல, மாத்திரை போடற நேரம் ஆயிருச்சு.

மூணாவது ஆட்டம் பெரிய புள்ளைகளுக்கு மட்டும், கெட்டதா தெரியற ஜீன் ஏன் அழியாமயே இருக்குன்னு காட்டறதுக்கு. வெறும் கொட்டை 50, பொட்டு 10, பைக்குள்ள போட்டு குலுக்கி ரெண்டு ரெண்டா எடுங்க, ஒவ்வொரு ஜோடியும் ஒரு ஆளு, ஏன்னா நமக்கு ஜீன் அம்மாகிட்டேருந்து ஒண்ணு அப்பாகிட்டேருந்து ஒண்ணு. பொட்டு-பொட்டு ஜோடி வந்தா அரிவாள் செல் சோகைங்கற பரம்பரை ரத்த நோய், ஆட்டத்துலேருந்து எடுத்துருங்க. வெறும்-வெறும் வந்தா மலேரியா, காசு சுண்டி தலை விழுந்தா எடுத்துருங்க. ஒண்ணு பொட்டு ஒண்ணு வெறும் வந்தா அவரு பெரும்பாலும் ரெண்டுலேருந்தும் தப்பிச்சிருவாரு, அப்படியே இருக்கட்டும். மிஞ்சுனதுல என்ன விகிதமோ அதே விகிதத்துல திரும்ப 60 ஆக்கி அடுத்த சுத்து. பொட்டு கொல்ற ஜீனாச்சே, கொறையணுமேன்னு பாத்தா ஏறும், ஏறி 20 பக்கம் போயி அங்கயே மேலயும் கீழயும் ஆடிக்கிட்டு நிக்கும். மலேரியாவ எடுத்துட்டு, அதாவது காசு சுண்டறத நிறுத்திட்டு ஓட்டுங்க, கொஞ்சங்கொஞ்சமா எறங்கும். அரிவாள் செல்லுக்கும் மலேரியாவுக்கும் உள்ள இந்த உறவ 1954ல ஆன்டனி அல்லிசன் ஆப்பிரிக்காவுல காட்டுனாரு, அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி 1952ல இந்தியாவுல இந்த ஜீன மொதமொதல்ல கண்டது நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான்.

புதுசா ஒரு வகை வரவே வராதான்னு கட்டாயம் ஒரு புள்ள கேக்கும். வரும், தாயக்கட்டை எடுத்துக்கங்க, தலைமுறைக்கு ஒரு தடவ உருட்டுங்க, தாயம் விழுந்தா ஏதாவது ஒரு கொட்டைக்குப் பொட்டு வைங்க, இல்ல ஒரு பயற வேற நெறத்துக்கு மாத்துங்க. எந்தப் பயறுன்னு கண்ண மூடித்தான் தொடணும், வேட்டி விரிச்சிருக்குன்னு வெள்ளைய தேடிப் போடக்கூடாது. ஒவ்வொரு குழந்தையும் பொறக்கும்போது அம்மா அப்பாகிட்ட இல்லாத 60, 70 எழுத்து மாத்தத்தோடதான் பொறக்குது, 600 கோடி எழுத்துல அது ஒண்ணுமே இல்ல, முக்காவாசி நல்லதும் பண்ணாது கெட்டதும் பண்ணாது. வேணும்னு வர்றதில்ல, வந்தது ஒத்துப்போனா நிக்குது.

முடிச்சுட்டு பயறையெல்லாம் எண்ணி டப்பாவுல போடுங்க, கூட்டறதுக்கு முன்னாடி தூண் அடி, வாசப்படி இடுக்கு எல்லாம் பாருங்க. நாங்க எண்ணாம விட்டோம். நாலு நாள் கழிச்சு ரெண்டாங்கட்டு தூணுக்குப் பின்னாடி ஒரு வெள்ளைப் பட்டாணி கெடந்துச்சு, "மாமா அது சாகலயாம், ஒளிஞ்சிருந்திருக்கு"ன்னு வீடே அதிர கத்திக்கிட்டு ஓடி வந்தான் தங்கச்சி மகன். அத எந்தத் தலைமுறைக் கணக்குல சேக்கறது, ரெண்டாவது சுத்துல 25ஆ 26ஆன்னு அவனுக்கும் கணக்கு எழுதுன புள்ளைக்கும் இன்னும் சண்டை ஓடிக்கிட்டு இருக்கு.